அளவு ஜாக்கெட்

முதலில் காட்டிக்கொடுத்தது வளையல்தான். இடது மார்பை எடுத்து, கீமோவும் (புற்றுநோய் அணுக்களைக் கொல்ல நரம்பில் ஏற்றும் மருந்து) முடிந்து, தலையில் பூனைமுடி முளைத்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் இடது கை வளையல் கழலமாட்டேன் என்றது. சோப்புப் போட்டும் அசையவில்லை. தோலை அழுத்தினால் விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

செங்கல்பட்டில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, நிணநீர் வீக்கம் என்றார் (அக்குள் முடிச்சுகளை எடுத்துவிட்டதால், கையில் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்குவது).

"இது எப்பம்மா போவும்?"

"கொறைக்கலாம். முழுசா போவாது. இந்தக் கையில ஊசி போடக் கூடாது, இறுக்கமா எதுவும் மாட்டக் கூடாது. சின்னக் கீறல் பட்டாலும் ஓடி வந்துடணும்."

நோயை வெட்டி எடுத்தாயிற்று, காவலுக்கு ஒரு கையை விட்டுப் போயிருக்கிறது! தூங்கும்போதும் அதற்குத் தலையணை வைக்க வேண்டும். எரிச்சலாக வந்தது.

இந்த நிலையில்தான் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் ரம்யா, மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பப் படம் எடுக்க ஏற்பாடு செய்தாள். எல்லோரும் ஒரே கலர், மெரூன். "அடுத்த ஸ்கேனுக்கு முன்னாடியே எடுத்துடலாம்" என்றார் என் கணவர் சேகர். பஸ் டிரைவர். பண்டிகைக்குத் துணி எடுக்கவே கடைசி நாளில் ஓடுகிறவர்.

ஏன் முன்னாடி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் ஆள் போனதும் வீட்டார் முதலில் தேடுவது நல்ல படம் ஒன்றைத்தான். யாரோ கல்யாணத்தில் நின்ற படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை போடுவார்கள். வேண்டாம் என்றால் பிள்ளையின் ஆசையைக் கெடுத்தவள் ஆவேன். சரி என்றால் அந்தப் படத்துக்கு நானே சேலை எடுக்கிறேன் என்று அர்த்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சரி என்றேன்.

மாமல்லபுரத்தில் நாத்தனார் வீட்டில் உடுத்தினோம். புது ஜாக்கெட்டில் இடது கையை நுழைத்தேன். முழங்கைக்கு மேல் போய் நின்றுவிட்டது. ரம்யா இழுத்தாள். மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை. விரல்கள் மரத்து, கை ஊதாவாக மாறியது.

"எந்த அளவுல தச்சாங்கடி?"

அவள் முகம் வெளுத்தது. "பீரோல கீற அளவு ஜாக்கெட்டத்தாம்மா டைலராண்ட குடுத்தேன். எப்பவும் அதத்தானே குடுப்போம்..."

எப்போதும் அதைத்தான் கொடுப்போம். ஆபரேஷனுக்கு முந்தைய ஜாக்கெட். அந்த உடம்பு இப்போது எங்கே இருக்கிறது? அவளைத் திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால், தயவுசெய்து பீரோவைத் திறந்து அந்த அளவு ஜாக்கெட்டை முதலில் எடுத்துப் போடுங்கள்.

ரம்யா கத்தரியை எடுத்து, துணியருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கீறல் பட்டுவிட்டால்? அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் தன் விரலைத் துணிக்கும் என் தோலுக்கும் நடுவே செருகி, அந்த விரலின் மேல் கத்தரியை ஓட்டினார். அவர் விரலில் ரத்தம் வந்தது. என் கையில் ஒரு கோடுகூட இல்லை.

"இன்னாயா, உன் வெரல வெட்டிக்கினியே!"

"எனுக்குச் சீழு புடிக்காதுமே. ஆடாத."

வரும்போது நைட்டியில் வந்திருந்தேன், மாற்று ஜாக்கெட் எதுவும் இல்லை; நாத்தனாருடையதும் இந்தக் கைக்கு ஏறாது. ஆணியில் அவர் கழற்றிப்போட்ட கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை தொங்கியது. எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டினேன். தொளதொளவென்று, கைக்குச் சொர்க்கமாக இருந்தது.

"ஐயோ அம்மா, நாத்து நடப் போறவங்க மாரி கீது!"

"உங்க அம்மா நாத்து நடப் போனவதான்டி. வா, வெளிச்சம் போவுது."

மெரூன் கூட்டத்தில் நான் மட்டும் நீலக் கட்டம். போட்டோ பிடிக்க வந்தவர் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். மாட்டேன் என்று முன்னால் நின்றேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது என் கணவர் அவரிடம் போய் மெதுவாகச் சொன்னார். அலைச்சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

"அவுங்கள மட்டும் தனியா ஒண்ணு எடுத்துடு தம்பி. நெஞ்சு வரிக்கும்."

ரம்யா மணலைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அந்த மனுஷன் மேல் பாவமாகவும் இருந்தது. என்னோடு அவரும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எடுப்பா" என்றேன். "ஆனா நெஞ்சோட நிறுத்தாத. கை தெரியணும். ரெண்டு கையும்."

அந்தப் படத்தை அவர் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்பெல்லாம் வருஷத்தைத் தீபாவளி, பொங்கல் என்று எண்ணுவேன். இப்போது ஸ்கேனிலிருந்து ஸ்கேன் வரைதான். கை இன்னும் தோளுக்கு மேலே முழுதாக ஏறவில்லை, தினமும் தூக்கிப் பழகு என்கிறார்கள். அதனால் காலையில் ஒரு ஈரத்துணியை எடுத்து, அந்தக் கையாலேயே என் படத்தின் தூசியைத் துடைக்கிறேன்.