கட்டம் இல்லாத வியாதிகள்

கம்பவுண்டர் வேலை என்பது டாக்டர் கிறுக்கியதைப் படிக்கவும், நோயாளி சொல்லாமல் விழுங்கியதைக் கேட்கவும் ஒரே ஆளுக்கு ஒரே சம்பளம் கொடுக்கிற வேலை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போடிநாயக்கனூர்ப் பக்கம், மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஆட்களின் பேரையும் மாற்றித்தான் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கே மருந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும். தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், பசியில்லை, தூக்கமில்லை. தலை நிமிராமலே டாக்டர் சீட்டு எழுதுவார். சத்து ஊசி, வெள்ளை மாத்திரை, சிவப்பு மிக்சர். வரிசையில் நிற்கிற பலருக்கு நோய் மனசில் இருக்கிறது, இன்னும் பலருக்குப் பாட்டிலில் இருக்கிறது என்பது எனக்குப் புரியவே மூணு வருசம் ஆனது. புரிந்த பிறகு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஜன்னலுக்கு உள்ளே நின்றவர்களும் சரி, வெளியே நின்றவர்களும் சரி, என்னோடு சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள்.

நடுங்கும் கை

குருசாமி ஜீப் டிரைவர். தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். பெரும்பாலும் பெண்கள். உள்ளே அடைந்தது போக, பின்னால் தொங்கிக்கொண்டும் போவார்கள். ஒரு நாள் ஊசிக்கு வந்தவர் கையில் சீட்டைக் கொடுத்தேன். பிடிக்க முடியவில்லை. சீட்டு மூன்று தடவை கீழே விழுந்தது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதியிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு, எத்தனை வருசமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சின்ன வயசிலிருந்தே பழக்கம் என்றார். முன்பெல்லாம் சாயங்காலம்தானாம். இப்போது விடிந்ததும் அரை டம்ளர் உள்ளே போனால்தான் ஸ்டியரிங் கையில் நிற்கிறதாம். "குடிக்காம ஓட்டுனாத்தாண்ணே கை நடுங்குது" என்றார்.

அந்தக் கொண்டை ஊசி வளைவுகளும், பின்னால் தொங்குகிற பெண்களும் கண்ணுக்குள்ளேயே நின்றன. டாக்டரிடம் சொன்னேன், அது போலீஸ் சமாச்சாரம் என்றார். போலீசில் தெரிந்தவரிடம் சொன்னேன். அது ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றார். கடைசியில் ஜீப் முதலாளியின் வீட்டுக்கே போனேன். குருசாமியைக் கொஞ்ச நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டேன். முதலாளி எனக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார். குருசாமி மறு வருசம் ரத்தவாந்தி எடுத்துச் செத்துப்போனார். சாவுக் காரணம் வயிற்றுப்புண் என்று எழுதினார்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு முதலாளி சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"குடிச்சிருக்கையில அவன் ஒரு தடவைகூட வண்டிய உரசுனதில்ல தம்பி. வேணும்னா, குடிக்காத அன்னைக்கு லீவு குடுத்துடுறேன்."

கௌரவமான வியாதி

மதுவிலக்கு இருந்த காலம். குடிக்காமல் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட் கிடைக்கும். ஏலக்காய் வியாபாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். வரிசையில் நிற்கவில்லை. டாக்டர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். ஈரல் கெட்டுப்போன மனிதர் அவர்; கண் மஞ்சளாக இருந்தது. குடியை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் சர்ட்டிபிகேட் தயார்.

அதே வாரம்தான் மதுவிலக்கு இல்லாத பக்கத்து மாநில எல்லைக்குள் போய்க் குடித்துவிட்டு மலை இறங்கிய கூலிக்காரர் ஒருவரைப் போலீஸ்காரர் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். குடித்திருக்கிறார் என்று எழுதி வாங்க வேண்டுமாம். அந்த ஆளுக்கும் கண் மஞ்சள்தான். ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே பேனா. ஒருவருக்கு எழுதியது பெர்மிட்டுக்கு, இன்னொருவருக்கு எழுதியது லாக்கப்புக்கு. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அந்தக் கூலிக்காரர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்கண்ணே, அவுகளுக்கு வியாதி, எங்களுக்குத் திமிரு."

வாசமில்லாத போதை

இதில் குற்றவாளி நானும்தான். ராசிங்காபுரத்தில் நல்ல நிலபுலன் உள்ள குடும்பத்து மருமகள் காமாட்சி. மூன்று கர்ப்பம் அடுத்தடுத்துக் கலைந்தது. நாலாவதாக ஒரு பேச்சு வீட்டில் ஆரம்பித்தது, கணவனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று. காமாட்சிக்குத் தூக்கம் போயிற்று. டாக்டர் தூக்க மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். பத்து நாள் நாலு வருசம் ஆனது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. தோட்டத்து ஆள் பழைய சீட்டைக் கொண்டுவருவார், டாக்டர் ஆள் யாரென்று பார்க்காமலே தேதி போடுவார், நான் பொட்டலம் கட்டுவேன். பெரிய வீடு என்பதால் கூட நாலு மாத்திரை சேர்த்தே கட்டுவேன்.

ஒரு தடவை அந்த மாத்திரை ஸ்டாக் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து காமாட்சியே மாமியாரோடு வந்தார். உடம்பெல்லாம் வியர்வை. பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து வெட்டி வெட்டி இழுத்தார். மாமியார் காக்காவலிப்பு என்று சொல்லிக் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. குடியைத் திடீரென்று விட்டவர்களுக்கு இதே மாதிரி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கும் தெரிந்தது; அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஊசி போட்டு நிறுத்தினார். பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் காமாட்சி தோட்டத்து ஆளை அனுப்பாமல் தானே பஸ்சில் வந்து வாங்கினார். கடைசிப் பொட்டலத்தைக் கொடுத்தபோது நான் மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினேன். அவர் சத்தமில்லாமல் சொன்னார்.

"குடிக்கிறவன்கிட்ட வாசம் வரும், தெருவே பேசும். எனக்கு வாசம் வரல, அதனால நாலு வருசமும் நான் குடும்பப் பொண்ணு."

மூன்றாவது சீட்டு

தேவாரத்து விவசாயி ராமையா. ஆனை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போனது ஒரு வருசம். அடுத்த வருசம் மனைவி தவறிவிட்டார். அதன் பிறகு தலைவலி என்று வந்தார்; தலைவலி மாத்திரை கொடுத்தோம். பசியில்லை என்று வந்தார். பசிக்கு மிக்சர் கொடுத்தோம். விடிய விடிய முழித்துக் கிடக்கிறேன் என்று மூன்றாவது தடவை வந்தார். சூடாகப் பால் குடிக்கச் சொல்லி அனுப்பினோம். அனுப்பியது நான்தான். வரிசை நீளமாக இருந்தது.

நாலாவது தடவை அவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பயிருக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்திருந்தார். டாக்டர், நர்சம்மா, நான், மூன்று பேரும் மத்தியானம் வரைக்கும் அவரை விட்டு நகரவில்லை. பிழைத்துக்கொண்டார். கண் திறந்தபோது பக்கத்தில் ஸ்டூலில் ஏட்டையா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். தற்கொலைக்கு முயன்றது குற்றமாம், கேஸ் எழுத வேண்டுமாம். செத்திருந்தால் பரிதாபம், பிழைத்ததால் குற்றவாளி. நான் ஏட்டையாவை வெளியே போய் உட்காரச் சொன்னேன். என் வேலைக்கு உலை வைக்கிற வார்த்தை அது, தெரிந்துதான் சொன்னேன். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து ராமையாவின் கையைப் பிடித்து, என்னய்யா மனசுல கஷ்டம் என்று கேட்டார். ராமையா டாக்டர் பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னார்.

"இதைக் கேக்க வைக்க இம்புட்டுக் குடிக்க வேண்டியிருந்துச்சு."

பென்சில் புள்ளி

ராமையாவுக்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். புறநோயாளி நோட்டில், எந்தப் பேரைப் பார்த்து எனக்கு, இது மனக்கஷ்டம், குடி, மாத்திரைப் பழக்கம் என்று தோன்றியதோ, அந்தப் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. புள்ளி வைத்தவர்களை ஜன்னலில் ஒரு நிமிசம் நிறுத்தி, தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்பேன். மழுப்புவார்கள் என்று பயந்தேன். ஒருத்தர்கூட மழுப்பவில்லை. மாதக் கடைசியில் திருப்பிப் பார்த்தால் புள்ளி விழாத பக்கமே இல்லை.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காய்ச்சலுக்குக் கட்டம் இருக்கிறது, சயரோகத்துக்கு இருக்கிறது, தொழுநோய்க்கு இருக்கிறது, கருத்தடைக்கு ரெண்டு கட்டம் இருக்கிறது. இந்தப் புள்ளி என்ன என்று கேட்டார். சொன்னேன். சார், வருகிறவர்களில் இவ்வளவு பேர் இப்படி இருக்கிறார்கள், மாதத்துக்கு ஒருநாள் மதுரையிலிருந்து மனநல டாக்டர் ஒருவரை அனுப்பக் கூடாதா என்றும் கேட்டேன். அவர் டவாலிப் பியூனைக் கூப்பிட்டு ரப்பர் கொண்டுவரச் சொன்னார். அவர் டீ குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக நானே அழித்தேன். கிளம்பும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"ஃபாரத்துல கட்டம் இல்லாத வியாதிய நீ எதுக்குய்யா பாக்குறே?"

சூடு

அன்னம் ஏலத்தோட்டத்து வேலைக்காரப் பெண். கணவன் சுந்தரம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவன். பேசவே காசு கேட்பான் போலிருக்கும். பிரசவத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாளில் தூக்கம் நின்றது. இது என் பிள்ளையில்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள். தனியாகச் சிரித்தாள், சுவரோடு பேசினாள். மாமியார் பேயோட்டுகிறவனிடம் கூட்டிப்போனார். அவன் இரும்புக் கம்பியைக் காய்ச்சி இரண்டு கையிலும் இழுத்தான். புண் சீழ் வைத்த பிறகுதான் எங்களிடம் வந்தார்கள், புண்ணுக்கு மருந்து கேட்டு.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். சின்ன வயசு. அவர் புண்ணைத் துடைத்துக்கொண்டே எப்போதிலிருந்து தூங்கவில்லை என்று கேட்டார். எனக்கு ஜன்னலில் கை நின்றுவிட்டது. அத்தனை வருசத்தில் அந்த அறையில் அந்தக் கேள்வி ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற நோய் இது, குணமாகும், உடனே மதுரைக்குப் போங்கள் என்றார். மாமியார் ஒப்பவில்லை. பைத்திய வார்டில் மருமகளைச் சேர்த்தால் தன் மகளுக்கு மாப்பிள்ளை வராது என்று வாசலை மறித்து நின்றார். சுந்தரம் பிள்ளையை நர்சம்மா கையில் கொடுத்தான். அம்மாவைத் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான். அன்னத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனான். நர்சம்மா பிள்ளையோடும், நான் டாக்டரின் கடிதத்தோடும் பின்னாலேயே ஓடினோம். நாலு பேரும் பிள்ளையும் அடுத்த பஸ்சில் மதுரை போனோம். ஜன்னல் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. அதற்காக எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட அன்னம் வந்தாள். தலை சீவி, பூ வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து வரிசையில் நின்றாள். முதலில் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. சீட்டு வாங்கக் கையை நீட்டியபோது தழும்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. மாமியாரும் கூட வந்திருந்தார், வாசலோடு நின்றுவிட்டார். உடம்பு எப்படிம்மா இருக்கு என்று கேட்டேன். நல்லாருக்கு என்றாள். மருந்தை விட்டுவிடாதே, உனக்கு வந்தது ஒரு நோய்தான், பேயுமில்லை, உன் தப்புமில்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எனக்கு வந்தது நோயி, சரி. எனக்குச் சூடு போட்டவுகளுக்கு வந்தது என்னண்ணே?"

ஆக, இத்தனை வருசத்தில் நான் மடித்த பொட்டலங்களில் பெரும்பாலானவை கேட்க வேண்டிய ஒரு கேள்விக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவை என்றாலும், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் என்று அத்தனையின் மேலும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.