வரவேற்பு லொறியும் மரண அறிவித்தலும்

1. பாட்டுக்கு வந்த ஓடர்

குருக்கள்மடத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், செத்தவீடு, தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் அதே பொக்ஸ், அதே வயர்தான். ஓட்டோவில் ஹோர்ன் கட்டி ஊர் ஊராக மரண அறிவித்தல் சொல்வதும் நானே. இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள் யூடியூப் பார்த்து மிக்சர் பழகிவிடுகிறார்கள். எந்தச் சத்தத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று அதில் யாரும் காட்டுவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டின் பெண்கள் ஹொக்கி அணி வெளிநாட்டில் போய்க் கிண்ணம் வெல்லும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. வென்ற அன்று எங்கள் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். காரணம், அணியில் எங்கள் ஊர்ப் பிள்ளை சுகந்தினி இருந்தாள். ஹொக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாதவர்களெல்லாம் தேநீர்க் கடையில் பெனால்டி கோர்னருக்கு விளக்கம் கொடுத்தார்கள். அவள் பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்தில், பொம்பிளைப் பிள்ளைகள் காச்சட்டையோடு ஓடுவதைப் பற்றிக் காது கூசக் கதைத்தவர்களும் அதே ஆட்கள்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் விளையாட்டுக் கழகத் தலைவர் கடைக்கு வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லொறியில ஊர்வலம். இருக்கிற பொக்ஸ் எல்லாத்தையும் கட்டு. கோயில்ல பூசை, மறுகா கூட்டம்” என்றார்.

“கட்டுறன்” என்றேன்.

2. மற்ற ஓடர்

ஞாயிறு விடியக் கணேசன் வந்தார். மேசன் வேலை செய்பவர். கடை வாசலிலேயே நின்றுகொண்டார். சாவுச் செய்தியோடு வருகிறவர்கள் உள்ளே வர மாட்டார்கள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“மேனகா போயிட்டாள் அண்ணன். டெங்குக் காய்ச்சல். ராத்திரி ஆசுபத்திரியில முடிஞ்சிது. நாலு மணிக்கு எடுக்கிறம். படுவான்கரை ஆக்களுக்குச் சொல்லணும்.”

மேனகா அவருடைய மூத்த மகள். பள்ளிக்கூட ஹொக்கி அணிக்கு அவள்தான் கப்டன். சுகந்தினியும் அவளும் ஒன்றாக ஆடியவர்கள், இணைபிரியாத கூட்டாளிகள். இரண்டு பேரில் மேனகாதான் கெட்டிக்காரி என்று ஆட்டம் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஊர்க்கதை தாங்காமல் கணேசன் அவளை ஆட்டத்திலிருந்து நிறுத்திச் சின்ன வயதிலேயே கல்யாணம் கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அதனால் அவள் தகப்பன் வீட்டிலேயே இருந்தாள்.

கணேசன் போய்க் கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

“அறிவித்தலப் பின்னேரம் போடு” என்றார்.

“நாலு மணிக்கு எடுக்கிறாங்க. பின்னேரம் சொன்னா ஆர் வந்து சேருற?”

“சுகந்தினிக்கு இப்ப தெரிய வேணாம். துடக்கு வீட்டுக்குப் போனா கோயிலுக்க எப்பிடிக் கூட்டிப் போற? கொழும்பில இருந்தும் ஆக்கள் வாறாங்க. பூசை முடியட்டும், மறுகா நானே சொல்றன்.”

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் மரண அறிவித்தலைப் பிந்திப் போடுவது எங்கள் தொழிலில் இல்லை. ஒரு வழி பார்த்தேன். அறிவித்தலை என் குரலில் பதிந்து மச்சானின் ஓட்டோவில் போட்டு, ஓட்டோவைப் பாதையில் ஏற்றி வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு முதலில் அனுப்பினேன். வாகனம் ஏற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பழுகாமம் வரை போய்ச் சொல்லிவிட்டு அவன் மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது பூசை முடிந்திருக்கும் என்பது என் கணக்கு. தலைவரும் கணேசன் வீட்டு வழியை விட்டு ஊர்வலத்தை வேறு வழியால் மாற்றினார்.

3. இரண்டு சத்தமும் ஒரு ரோட்டில்

சுகந்தினியைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்த வான் வண்டியை வழியெல்லாம் மறித்து மாலை போட்டிருக்கிறார்கள். மதியம் திரும்பிய பிறகுதான் சுகந்தினி எங்கள் லொறியில் ஏறினாள். நான் மிக்சரோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். மதிலில் ஏறி நின்றவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டியவர்கள், கும்பிட்டவர்கள். மாலைகள் அவள் தாடை வரை ஏறியிருந்தன. அவள் எல்லாருக்கும் கை அசைத்துக்கொண்டு வந்தாள்.

படுவான்கரையை முடித்துக்கொண்டு மச்சானின் ஓட்டோ செட்டிபாளையப் பக்கமிருந்து எதிரே வந்தது.

மரண அறிவித்தல் எதிர்ப்பட்டால் மற்றச் சத்தம் நிற்க வேண்டும். சாமி ஊர்வலம் என்றாலும் அப்படித்தான். நான் யோசிக்கவில்லை, கை தானாக வொலியத்தை இறக்கிவிட்டது. பேண்ட் அடித்தவர்களும் நிறுத்தினார்கள். பிறகு என் குரலே எனக்கு எதிரே வந்தது. கணேசன் அவர்களின் அன்பு மகள் மேனகா காலமானார் என்று அது சொன்னது.

சுகந்தினி என் பக்கம் கிறுகினாள்.

“மாமா, அது எங்கட மேனகாவா?”

“ஓம் மகள்.”

பாட்டைப் போடு என்று தலைவர் கையால் காட்டினார். நான் போடவில்லை. அவர் லொறித் தட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னார்:

“புள்ள, பூசை ஆயத்தமாக் கிடக்கு. துடக்கு வீட்ட போயிட்டுக் கோயிலுக்கு வரேலாது. ஒரு மணித்தியாலம் பொறு.”

“பூசைய நாளைக்கு வைக்கலாம் ஐயா. அவள நாளைக்குப் பாக்கேலாது.”

மாலைகளைக் கழற்றி லொறியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பேண்ட் பொடியன்கள் ட்ரம்மைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். பிறகு சனமும் கொஞ்சங் கொஞ்சமாகக் கிளம்பியது. கொளுத்தாத வெடிக்கட்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிலர் கையோடு கொண்டு வந்தார்கள். தலைவரும் கடைசியில் வந்தார்.

4. கணேசன் வீட்டு மைக்

எங்கள் பக்கத்தில் பிரேதப் பெட்டி எடுக்குமுன் முற்றத்தில் மைக் வைத்து இரங்கல் உரை சொல்வது வழக்கம். லொறியிலிருந்து பொக்ஸை இறக்கி அங்கே கட்டினேன். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் பேசினார்கள். அதன் பிறகு கணேசன் மைக்கை வாங்கிச் சுகந்தினியிடம் கொடுத்தார்.

“மேனகா ரைட் விங். அவள் தந்த பந்தத்தான் நான் கோலுக்கு அடிச்சன். கொழும்பில வச்ச முதல் செலக்சனுக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. நான் மட்டும் போனன். அங்க போயும் வலப்பக்கம் பாத்துப் பாத்துத்தான் ஆடின” என்றாள்.

கணேசன் மைக்கைத் திருப்பி வாங்கினார். எனக்குத் தருவார் என்று கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“நான்தான் நிப்பாட்டினன்” என்றார். “ஊர் கதைச்சிது, நான் பயந்திட்டன். மட்டையப் பறிச்சு அடுப்புக்க வச்சன். அண்டைக்குக் கதைச்ச வாயெல்லாம் இண்டைக்கு வெடியோட வந்து நிக்கிது. எண்ட புள்ளையும் ஓடியிருப்பாள். எண்ட புள்ளையும் அந்த லொறியில நிண்டிருப்பாள்.”

பிறகு அழத் தொடங்கினார்.

செத்தவீட்டில் பேசுகிறவர் உடைந்து அழுதால் நாங்கள் சத்தத்தை மெதுவாகக் குறைத்துவிடுவோம். அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது, நானும் அதுவரை செய்து வந்தது. தலைவர் என்னைப் பார்த்து, குறை என்று கண்ணைக் காட்டினார். முற்றத்தில் வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். அழுகை அந்த வீட்டுக்கு மட்டும் உரியது என்றால் சத்தத்தைக் குறையுங்கள். ஊருக்கும் அதில் பங்கு இருந்தால் குறைக்காதீர்கள். அன்று கணேசன் அழுது முடிக்கும் வரை நான் வொலியத்தில் கை வைக்கவில்லை.