திரும்பத் திரும்பப் போன கல்யாண மாலை

தேவராஜ மொஹல்லாவில் நான் வேலை செய்யும் பூக்கடையில், மாலை கட்டுவதைவிட எனக்குச் சிரமமாக இருந்தது போன் எடுப்பதுதான். முகம் தெரியாத ஆள் காதுக்குள் பேசினால் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிடும். ஒருமுறை ஓர் அம்மாள், "யாரு மாத்தாடோது?" என்று, யார் பேசுவது என்று கன்னடத்தில் அதட்டினார். போனைச் சாமந்திக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். கூடை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது.

அதனால், முதலாளியின் மருமகள் கடைக்கு லேப்டாப் கொண்டுவந்த நாள் எனக்குப் பண்டிகை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். இனி வாடிக்கையாளர்கள் தங்கள் போனில் தட்டி அனுப்பும் ஆர்டர்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வரிசையில் வந்து நிற்கும் என்றார். அழகான திரை பிறகு செய்து தருவாராம். இப்போதைக்கு வெறும் கறுப்புத் திரை. அவர் எழுதி வைத்த கட்டளையை அம்புக்குறிப் பொத்தானால் வரவழைத்து என்டர் தட்டினால், முன்னால் நிற்கும் ஆர்டர் வெள்ளை எழுத்தில் வந்து இறங்கும். பூவை அனுப்பியதும் இன்னொரு கட்டளையால் அந்த ஆர்டரை அழித்துவிட வேண்டும்.

முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. "இந்த வாரம் பாப்போம்பா. ஏதாவது எடவட்டு, குளறுபடி ஆச்சுன்னா பழையபடி போன்தான். நீதான் எடுக்கணும்."

ஐந்தாம் வகுப்பு படித்த என் விரலுக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்துப்போயிற்று! தட்டினேன், துளசி மாலை வந்தது. தட்டினேன், மல்லிகைச் சரம் வந்தது. யாரும் ஹலோ சொல்லவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அவசர ஆர்டர் வந்தது. வைத்திருந்த மாலை வாடிவிட்டதாம், உடனே ஒரு ஜோடி வேண்டுமாம். தயாராக இருந்த ரோஜா மாலைகளை ஆட்டோவில் ஏற்றினேன். ஆனால் ஆர்டரை அழிக்க விரல் வரவில்லை. எங்கள் கடையில் தாலி ஏறும்வரை கல்யாண ஆர்டர் எழுதிய சீட்டைக் கிழிக்க மாட்டோம். ஆணியில் குத்தியபடியே இருக்கும். அழிப்பதும் கிழிப்பதுதானே? விட்டுவிட்டேன்.

சற்று நேரத்தில் அதே மண்டபத்திலிருந்து இன்னொரு ஜோடிக்கு ஆர்டர். பெண்ணைப் பெற்றவர்களுக்காக இருக்கும் என்று அனுப்பினேன். மறுபடியும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? அனுப்பினேன். மறுபடியும் வந்தது.

"அண்ணா, அந்த மண்டபத்துல எத்தனை பேருக்குக் கல்யாணம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பெரிய இடம்பா. நீ வண்டியை எடு."

மாலைக்கொடி காலியானபோது முதலாளி பார்த்துவிட்டார். மருமகளைக் கூப்பிட்டார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, பூமூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அண்ணா, எடுத்த ஆர்டர் கொஞ்ச நேரம் மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். நீங்க அழிக்கலைன்னா, வேலை முடியலைன்னு நினைச்சு மறுபடி வரிசைக்கு வந்துடும். எல்லாம் ஒரே ஆர்டர்! அழிங்க."

"தாலி ஏறலையேம்மா."

என்னைத் திட்ட வாயைத் திறந்த முதலாளி அப்படியே நின்றார். "அதுவும் சரிதான்" என்றார். உடனே போனை என் கையில் திணித்தார். "ஏறிடுச்சான்னு நீயே கேளு. இனிமே போனும் நீயே எடு."

ஆர்டரில் இருந்த எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் கல்யாணப் பெண்ணின் மாமா.

"ஹலோ... பூக்கடை..."

"பூக்கடையா! ஸ்வாமி, இன்னும் மாலை வருதா?"

"இல்லைங்க... தாலி..."

"இதோ கட்டப் போறாங்க, கேளுங்க!"

போனை மேடைப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. கெட்டிமேளம் கடை முழுக்க அதிர்ந்தது. முதலாளி பழக்கதோஷத்தில் ஒரு கை ரோஜா இதழை அள்ளி லேப்டாப்மேல் தூவிவிட்டார்.

"மாமா! கீபோர்டு!" என்று மருமகள் அலறினார். நான் இதழ்களை ஒதுக்கிவிட்டு அழிக்கும் கட்டளையைத் தட்டினேன்.

மாமாவின் குரல் திரும்ப வந்தது. "இங்க எல்லார் கழுத்துலயும் உங்க மாலைதான். சமையல்காரர்கூடப் போட்டுக்கிட்டுத்தான் சாம்பார் ஊத்துறார். எங்க வயசான மாமனார் மாமியார் கழுத்துல மாலையைப் போட்டதும் அவங்களுக்கு வந்த வெக்கத்தைப் பாக்கணுமே! அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம். பூ உங்க கடைதான். போன்லயே சொல்லிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க! வரிசையில போட்டுடுங்க!"

என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணம்னா சீட்டுல எழுதி ஆணியில குத்திட்டு, இதுல அழிச்சுடு. கத்தாதேப்பா, நானே பேசிக்கிறேன். நீ தட்டு."

தட்டினேன். வரிசையில் யாருமில்லை. சந்தோஷத்தில் இன்னொரு தடவை தட்டினேன்.