கம்பெனிக்குத் துக்கம் கிடையாது

ஆடிட்டர் தன்யகுமார் காலமான செய்தி எனக்கு டெலிபோனில் வந்தது. சென்ற மாதம், ஒரு காலை வேளை. மில் ஆபீசில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று பத்தரை மணிக்கு எங்கள் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அவருடைய மகன் பேசினான். "அம்மா, அப்பா தவறிட்டாருங்க. விடியக்காலம், தூக்கத்துலயே. ஊருக்கு எடுத்துனு போறோம். சாயங்காலம் எடுத்துருவோம்" என்றான். ரிசீவரை வைத்ததும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி எங்களுக்காக யார் பயப்படுவார்கள் என்று பயம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தேரடித் தெருவில் அந்த மாடி ஆபீசுக்கு ஏறிப் போயிருப்பவர்கள் நம் ஊர் வியாபாரிகளில் எத்தனையோ பேர். பேனாவில் மை கசிந்துவிடும் என்று அவருக்குப் பயம். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடுவார்கள் என்று பயம். கையெழுத்துப் போட வேண்டிய ஆள் திடீரென்று திருப்பதிக்குக் கிளம்பிவிடுவார் என்று பயம். ரிஜிஸ்தர் தபாலை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். தானே போய் ஜன்னலோரம் நிற்பார். "முத்திரை விழுற சத்தம் காதுல கேக்கணும்மா. அப்பறம்தான் சோறு எறங்கும்" என்பார். பயந்தாங்கொள்ளி ஆடிட்டர் என்று கடைத்தெருவில் அவருக்குப் பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

எங்களுடையது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை எண்ணெய் மில். மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிக்கொண்டால் நல்லது என்று ஒரு பேங்க் மேனேஜர் சொல்ல, என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு டைரக்டர்களாவது வேண்டும் என்பது சட்டம். இன்னொரு பெயருக்கு எங்கே போவது? அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். சரோஜா டைரக்டர் ஆகிவிட்டாள் என்று என் அக்கா செங்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதில் என்ன பொறுப்பு இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் தன்யகுமார் ஒருவர்தான். கணக்கை முடித்துத் தணிக்கை செய்ய வேண்டும். பங்குதாரர்களைக் கூட்டி அதை ஏற்க வைக்க வேண்டும். அதற்கப்புறம் கெடுவுக்குள் ஐந்தொகை என்கிற பாலன்ஸ் ஷீட்டையும் ஆண்டறிக்கையையும் மெட்ராசில் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். வருமான வரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. "கம்பெனி உயிரோட இருக்குதுனு வருஷா வருஷம் சொல்லிக்கினே இருக்கணும்மா. சொல்லலைனா அவங்களே வந்து பாப்பாங்க" என்றார். வந்து பார்ப்பது என்றால் என்ன என்று நான் அப்போது கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கணக்கு ஜூன் மாதத்தோடு முடியும். கூட்டத்தை டிசம்பருக்குள் நடத்தினால் போதும். பங்குதாரர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறவர்கள் ஒன்றாகச் சேர்வது கார்த்திகை தீபத்துக்குத்தான். ஆகவே தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏறியதும், எங்கள் மொட்டை மாடியில் ஜமக்காளம் விரித்துக் கூட்டம். ஆபீஸ் நேரத்தில் அல்லவா நடத்த வேண்டும் என்று தன்யகுமார் நடுங்கினார். பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டி, பங்குதாரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டால் நேரத்தை மாற்றலாம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே மூச்சு விட்டார். அவர் போளூர்ப் பக்கத்து நயினார், சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். நாங்களோ தீபம் பார்க்காமல் அன்று வாயில் ஒன்றும் போட மாட்டோம். அதனால் விரதத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஐந்து மணிக்கெல்லாம் அவர் ஒருவர் மட்டும் இலை போட்டுக் கூச்சத்தோடு சாப்பிடுவார். என் மாமியார்தான் பரிமாறுவார்.

அந்த மாமியார் ஓர் ஆவணியில் காலமானார். வருஷம் திரும்பும் வரை வீட்டில் பண்டிகை கிடையாது, தீபம் கிடையாது. தீபம் இல்லை என்பதால் கூட்டமும் இல்லை என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். உறவுக்காரர்களுக்கும் அது இயல்பாகவே பட்டது. எனக்கும் அப்படித்தான். தன்யகுமார் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"துக்க வீடுங்க ஆடிட்டரே. இந்த வருஷம் கூட்டம் கெடையாது."

"துக்கம் வீட்டுக்குத்தாங்க. கம்பெனிக்கு யாரு செத்தாங்க?"

என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. தாயைப் பறிகொடுத்தவர் அல்லவா? "என்னா பேசுறீங்க? எங்கம்மா கையால சாப்ட்டவரு பேசுற பேச்சா இது? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று கத்தினார். தன்யகுமாருக்கு உதடு துடித்தது. அவருக்கும் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் வாசல் வரை போனவர் திரும்பி, "கம்பெனிக்கு அம்மா கெடையாதுங்க. அதைத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மெட்ராசிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். துக்கம் கழியட்டும் என்று அவற்றை வாங்கி அலமாரியில் வைத்தார் என் வீட்டுக்காரர். கழிவதற்குள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து மில் வாசலில் இறங்கினார். சம்மன். வரவேண்டிய கணக்கு வரவில்லை என்று கம்பெனியின் மீதும் டைரக்டர்கள் இருவர் மீதும் வழக்கு. என் பெயருக்கு நேராக 'எதிரி' என்று எழுதியிருந்தது, குற்றம் சாட்டப்பட்டவள் என்று அர்த்தமாம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை. அதற்குப் பிறகு தெருவில் எந்தச் சைக்கிள் மணி அடித்தாலும் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? பெரியவளை அக்காவிடம் விடலாம், சின்னவன் அங்கே இருப்பானா என்றெல்லாம் சோறு வடிக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பேச்சையே நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தேரடித் தெரு மாடி ஏறினேன். சம்மனைப் படிக்கும்போது தன்யகுமாரின் கையில் காகிதம் படபடவென்று ஆடியது. தண்ணீர் குடித்தார். இன்னொரு முறை படித்தார்.

"ஜெயில்ல போட்டுருவாங்களா சார்?"

"சட்டத்துல அபராதம்னுதான் இருக்குது. ஆனா கோர்ட்டுனா எனக்கும் நடுங்கும்மா." சம்மனை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரும் பயந்தா வேலை நடக்காது. நீங்க வீட்டுக்குப் போங்க. பயம் எங்கிட்ட இருக்கட்டும்."

அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். வராதே என்று சொன்ன மனிதரின் எதிரில் உட்கார்ந்து, யாருக்கு என்ன நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சொன்னார். தவறிய கூட்டத்தைத் தாமதமாகவேனும் நடத்தினோம். தாமதக் கட்டணத்தோடு எல்லாவற்றையும் அவரே மெட்ராசுக்கு எடுத்துப் போனார். வழக்கு மட்டும் நின்றது. அதற்கு நாங்கள் நேரில் போயாக வேண்டும்.

மெட்ராஸ் கோர்ட்டில் வக்கீல் பேச வேண்டியதைப் பேசினார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "ஏம்மா, கூட்டம் ஏன் நடத்தல?" என்று தமிழிலேயே கேட்டார். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சியில் தன்யகுமார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மாமியார் காலமாயிட்டாங்க அய்யா. வருஷம் திரும்பல" என்றேன்.

"கம்பெனிக்கு மாமியாரா?" என்றார் மாஜிஸ்திரேட். கோர்ட்டே சிரித்தது. வக்கீல் சிரித்தார், டவாலி சிரித்தார். அபராதம் போட்டு, இனி ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் சிரிக்காத ஒரே ஆள் தன்யகுமார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. காலையில் பயத்தில் இறங்கவில்லை. பகல் முழுவதும் கோர்ட்டிலும் பஸ்ஸிலுமே போய்விட்டது. என்னிடம் இட்லிப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரிப்பதற்குள் செஞ்சி மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. "பொழுது போயிடுச்சும்மா. நாளைக்குச் சாப்டுறேன்" என்றார். முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே, "அடுத்த வருஷம் கூட்டத்தை எப்ப வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க ஆடிட்டரே" என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அப்படித்தான் வரும். தன்யகுமார், "தீபத்தன்னைக்கே வைங்க. ஆனா யாரு போனாலும் வைங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. பொட்டலத்தை அப்படியே கட்டிப் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவருடைய பயத்தைக் கேலி செய்யவில்லை. "ரெண்டு டைரக்டர்ல ஒருத்தர் இல்லாம போனா என்னா பண்ணுவீங்க?" என்று நச்சரித்து, என் மகளுக்கு வயது வந்ததும் அவளையும் டைரக்டராகச் சேர்க்க வைத்தார். அடுத்த ஐப்பசியிலேயே என் வீட்டுக்காரர் போய்விட்டார். கூட்டத்துக்கான நோட்டீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

காரியம் முடிந்ததும் தன்யகுமார் வந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தீபத்துக்குச் சில நாட்களே இருந்தன. அவருக்குள் எவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. உறவுக்காரர்கள் எழுந்து போகும் வரை காத்திருந்து நான்தான் சொன்னேன். "சார், கம்பெனிக்கு யாரும் சாகலையே." அவர் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. மில் ஆபீசில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்தினோம். தாலி இறங்கி ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் கூட்டமா என்று பேசியவர்கள் பேசினார்கள்.

இப்போது எல்லாருடைய கணக்கும் மார்ச் மாதத்தோடு முடிய வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அவருடைய கடைசிப் பயம் அது. "செப்டம்பருக்குள்ள கூட்டம் போடணும்மா. தீபம்னு உக்காந்துடாதீங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அப்படி வைத்த முதல் கூட்டத்தன்றுதான் அந்த டெலிபோன் வந்தது.

"அம்மா, இன்னொரு நாள் வெச்சுக்கலாமே" என்றாள் என் மகள். நான் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். போன வாரம் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஐந்தொகையைப் படித்தோம், ஏற்றுக்கொண்டோம். மெட்ராசுக்கு அனுப்ப இன்னும் அவகாசம் இருந்தது. ஆனாலும் கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் போனேன். ஜன்னலோரம் நின்றேன். முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் போளூர் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது அவரை இன்னும் எடுக்கவில்லை, பொழுதும் சாயவில்லை.

அவர் காலடியில் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. இந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானதுதான். ஒரு காகிதம் படபடவென்று ஆடியதை அன்று அந்த மாடியில் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன் சார். நிம்மதியாகத் தூங்குங்கள். பயம் இனி என்னிடம் இருக்கட்டும்.