ஒரே நம்பரில் அண்ணனும் தம்பியும்

மதுரை மாட்டுத்தாவணிப் பூக்கடைகளுக்காக ஓர் இணையதளம் செய்தேன். கல்யாண மண்டபக்காரர் தேவையான பூவை முந்தின நாளே அதில் எழுதிவைப்பார். கடைக்காரர் உள்ளே போய் ஒப்புக்கொள்வார். கம்பெனி வேலையை விட்டபின் சொந்தமாக எடுத்த முதல் வேலை. ஓடாவிட்டால் நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பயோடேட்டா எழுத வேண்டும்.

இணையதளம் கட்ட நான் எடுத்த பைதான் ஃபிரேம்வொர்க்கில், உள்ளே நுழைவதற்கான லாகின் படிவம் தயாராகவே கிடைக்கும். அது யூசர்நேம் கேட்கும். முதலில் சேர ஒப்புக்கொண்ட மல்லிக்கடை அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "போன் நம்பரைக் கேளுங்க தம்பி. கடை போர்டுலயே இருக்குல்ல."

அப்படியே மாற்றினேன். நம்பருக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் துடைத்து, அந்த நம்பருக்குரிய ஆளைத் தேடும்படி எழுதினேன். வீட்டில் பத்துத் தடவை சோதித்தேன், என் ஒரே நம்பரை வைத்து.

முதல் நாள் காலை அண்ணன் நம்பரைப் போட்டார். திரை முழுக்க ஆங்கிலத்தில் பிழைச் செய்தி.

"சர்வர் தூங்குதுண்ணே" என்றேன்.

"எழுப்புங்க தம்பி, மண்டபத்துக்காரரு முழிச்சிருக்காரு. இன்னைக்கு ஓடுனா மத்த கடைக்கும் சொல்றேன். இல்லாட்டி பழையபடி போன்லயே பேசிக்கிறோம்."

பூக்கூடைகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்தேன். என் பாஸ்வேர்டையே மூன்று முறை தப்பாக அடித்தேன். இன்டர்நெட்டைத் திட்டினேன், பிறகு வெயிலை. திட்ட வேறு எதுவும் கிடைக்காததால் பிழைச் செய்தியைப் படித்தேன். ஓர் ஆளைத் தேடினால் இரண்டு பேர் கிடைக்கிறார்களாம். அண்ணன் ஒரு பெயரிலும் அவர் தம்பி ஒரு பெயரிலும், போர்டிலிருந்த அதே நம்பரில் பதிந்திருந்தார்கள்.

இரண்டு பேரில் எவருடைய பாஸ்வேர்டு பொருந்துகிறதோ அவரை உள்ளே விடலாம் என்று பத்து வரி எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் பூ நிறுத்துக்கொண்டிருந்த தம்பியிடம், "நீங்க ரெண்டு பேரும் வேற வேற பாஸ்வேர்டுதானே?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, அண்ணன் போட்டதையே நானும் போட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா?"

"கடை ஒண்ணுதானண்ணே."

அப்படியானால் என் பத்து வரிக்கு இரண்டு பேருமே பொருந்துவார்கள். நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். இவர்கள் கடையாகத்தான் வந்திருந்தார்கள். பத்து வரிகளையும் அழித்தேன். தம்பியிடம் சொல்லிவிட்டு அவருடைய பதிவை நீக்கி, அண்ணனுடைய பதிவில் கடைப்பெயரை எழுதினேன். ஒரு நம்பருக்கு ஒரு பதிவுதான் என்று கட்டுப்பாடும் போட்டேன்.

அண்ணன் மறுபடியும் நம்பரைப் போட்டார். மண்டபக்காரரின் ஆர்டர் திரையில் வந்தது. ஒப்புக்கொண்டார்.

"அம்புட்டுத்தானா தம்பி? இதுக்கா இப்படி வேர்த்துச்சு?"

"அம்புட்டுத்தாண்ணே."

"அப்ப எதிர்க்கடைக்குப் போங்க, நான் சொல்லிட்டேன். அங்க அண்ணந்தம்பி நாலு பேரு."