பால் வெட்டாத நாளின் தண்ணீர்

இரத்தினபுரியில் அரசாங்கச் சுற்றாடல் காரியாலயத்தில் பயிலுனராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போய்விட்டது. தொழிற்சாலைகளின் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்குமுன் நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. கழிவுநீர் எங்கே போகிறது, அதைச் சுத்திகரிக்கும் தொட்டி வேலை செய்கிறதா, வெளியே வரும் தண்ணீர் எந்த நிறம், எல்லாம் பார்க்க வேண்டும். சொல்லும்போது பரபரப்பாக இருக்கும். உண்மையில் பாதி நாள் வாகனத்துக்காகக் காத்துக்கிடப்பதுதான். இருப்பது ஒரே ஜீப், அதற்கு எல்லாப் பிரிவும் அடித்துக்கொள்ளும். நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். நாங்கள் மேடம் என்று கூப்பிடும் என் மேலதிகாரி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "நங்கி, வாடிவென்ன" என்பார். உட்காரு தங்கச்சி என்று அர்த்தம். உட்காருவேன். கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்த மாதம் புதுப்பிக்க வந்த விண்ணப்பங்களில் ஒன்று ஓப்பநாயக்க பக்கத்து இறப்பர் பேக்டரி ஒன்றினுடையது. அது இருக்கும் தோட்டத்தில்தான் என் சித்தி இறப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். பீலியில், அதாவது பொதுக் குழாயில், வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும். குளிப்பதும் துவைப்பதும் பேக்டரிக்குக் கீழே ஓடும் ஓடையில்தான். அந்த ஓடை கொஞ்ச காலமாக அழுகிய முட்டை போல நாறியது. சித்தி துவைத்த சேலையை உதறினால் பக்கத்தில் நிற்க முடியாது. இந்த முறையும் அனுமதி அப்படியே கிடைத்துவிட்டால், அடுத்த புதுப்பிப்பு வரை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சித்தி அங்கே இருப்பதை மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப தண்ணி மாதிரி எடுக்கிற போத்தல நீ தொடாத, சொந்தக்காரி எடுத்ததுன்னு பேச்சு வரும். நான் எடுக்கிறேன். நீ பெட்டியத் தூக்கு" என்று சிங்களத்தில் சொன்னார்.

போகும் நாளைப் பேக்டரிக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தோம். பொறுப்பானவர் கூட நிற்க வேண்டும் என்பதற்காக அப்படித்தான் வழக்கம். அன்று நல்ல வெயில். தோட்டத்துப் பாதையில் ஜீப் ஏறும்போது, பால் வாளியோடு மரங்களுக்கிடையில் நிற்க வேண்டிய பெண்கள் பாதையோரம் புல்வெட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தியும் நின்றார். ஜீப்பை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தேன்.

"என்ன சித்தி, மழ கூட இல்ல, வெட்டுக்குப் போகலையா?"

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுலயே சொல்லிட்டாங்க, இன்னைக்கு பால் வேணாம், புல்ல வெட்டுங்கன்னு. பெரிய ஆளுக வர்றீங்கல்ல."

"வாரா வாரம் வாங்க பாப்பா," என்றார் பக்கத்தில் நின்றவர், "தோட்டமே துப்புரவாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பால் வராவிட்டால் பேக்டரி ஓடாது. பேக்டரி ஓடாவிட்டால் கழிவுநீர் ஏது?

பேக்டரியில் இறப்பர் பிழியும் உருளைகள் நின்றிருந்தன. தரை கழுவிக் காய்ந்திருந்தது, கழிவுநீர்க் கானோரமெல்லாம் புதுச் சுண்ணாம்பு. இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்த பொறுப்பாளர், பேக்டரி ஐயா, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரவழைத்தார். மெஷினில் சின்ன ரிப்பேர் என்றார். தொட்டியின் கடைசிக் குழாயில் சொட்டிய தண்ணீர் பீலித் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"வந்தது வந்தீங்க, எடுத்துக்கிட்டே போங்க மேடம்," என்றார் அவர்.

மேடம் பெட்டியைத் திறக்கவே இல்லை. "ஓடாத பேக்டரி தண்ணிய நான் கொண்டுபோய் என்ன செய்ய, சட்டி கழுவவா?" என்று கேட்டுவிட்டு, பேக்டரி இயங்கவில்லை, மாதிரி எடுக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஜீப்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு விட்ட மரங்களையும் சேர்த்து நாளைக்கு வெட்டுவார்கள். பால் நிறைய வரும், தொட்டி தாங்காது. பெல்மதுளைச் சந்தி வருவதற்குள் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கே வரணும் மேடம்."

"நாளைக்கு ஜீப் மாணிக்கக் குழி பார்க்கப் போகுது."

"பஸ் இருக்கே."

"ஐஸ் போட்ட பெட்டிய யார் தூக்குறது?"

"நான்தானே தூக்குறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப வெள்ளன வா" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனோம். கண்டக்டர் என் மடியிலிருந்த வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியைத் தட்டினார். "மீன் கொண்டு போறியா நங்கி?"

"தண்ணி எடுக்கிற போத்தல்."

"காலிப் போத்தலுக்கு ஐஸா?" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

வளைவு திரும்புமுன்பே நாற்றம் வந்தது. உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசிக் குழாயிலிருந்து பால் கலந்த மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் பாய்ந்து நேரே ஓடையில் விழுந்தது. பேக்டரி ஐயா அரைக்கைச் சட்டையோடு ஓடிவந்தார்.

"மேடம், ஒரு வார்த்த சொல்லாம..."

"நேத்து ரிப்பேர்ன்னீங்க. சரியாயிருச்சான்னு பார்க்க வந்தோம்."

அவர் கண் முன்னாலேயே மேடம் போத்தலை நிரப்பி முத்திரையிட்டார். ஐயா கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியெல்லாம் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பரிசோதனை அறிக்கை வந்தது, கழிவு அளவை மீறியிருந்தது. தொட்டியைத் தோண்டிச் சுத்தம் செய்து, நாங்கள் மறுபடி பார்க்கும் வரை புதுப்பிப்பு இல்லை என்று முடிவானது. உடனே சித்திக்கு அழைத்தேன்.

"அப்ப குளிக்கலாமா?"

"இன்னும் இல்ல சித்தி. தொட்டியச் சரி பண்ணட்டும்."

"பேக்டரி ஸ்டோர மூடிடாதீங்கடி. அப்புறம் நாறாத தண்ணியில பட்டினியா குளிக்கணும்."

மூடமாட்டார்கள் என்று சொல்லி வைத்தேன். பிறகு தினமும் அவருக்கு அழைத்து நச்சரித்தேன். தோண்டத் தொடங்கிவிட்டார்களா, ஆள் வந்ததா? கடைசியில் ஒருநாள் காலை அவரே அழைத்தார்.

"தோண்டியாச்சு. உஞ் சித்தப்பாவும்தான் எறங்குனாரு. மூணு தரம் குளிச்சும் நாத்தம் போகல."

"சேறெல்லாம் எங்க சித்தி போட்டாங்க?"

"ஓடக் கரையிலதான். வாழைக்கு நல்ல பசளைன்னு அந்த ஐயாவே நின்னு கொட்ட வச்சாரு."

போனைக் கையில் பிடித்தபடியே மேடத்தின் மேசைக்கு ஓடிச் சொன்னேன். ஓடையில் எந்த இடம் என்று கேட்டார்.

"குளிக்கிற கல்லுக்கு மேல, மேடம்."

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது; ஒரு மழை பெய்தால் சேறெல்லாம் மறுபடி ஓடையில்தான். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.