பல்லைக் காட்டிய சிறுத்தை

சிங்காநல்லூர் வீட்டு ஹாலில் ஒரு சிறுத்தையின் தலை பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. வேட்டைக்குத் தடை வருவதற்கு முன்பு என் மாமனார் சுட்டது. மேலே பாய வந்ததை ஒரே குண்டில் சாய்த்ததாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தொண்ணூறுகளில் அதன் காதுகளைப் பூச்சி அரித்துவிட்டது. ஊட்டியில் செத்த மிருகங்களைப் பாடம் செய்கிற ஒருவரிடம் சரிசெய்யக் கொடுத்தார். அந்த ஆள் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். எப்போது போன் செய்தாலும் "அடுத்த மாசம்" என்பார். எனக்கு நிம்மதி, அதற்குத் தூசி தட்டுகிறவள் நான்தானே. மாமனாரோ விடாமல் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். செத்த மிருகத்தை வைத்து இன்னும் என்ன பெருமை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருவழியாகத் தலை வந்து சேர்ந்தது. காது புதிது, பல் மட்டும் அதே பல். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "அப்படியே பாயற மாதிரி இருக்குதுங்க" என்று வியந்துவிட்டுப் போனார். மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"வாயை மூடி வெச்சுக் குடுன்னு ஒவ்வொருக்காவும் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன், அம்மணி. மறந்துபோட்டான்."

"எதுக்குங்க மாமா? முன்னாடியும் இப்படித்தானுங்க இருந்துச்சு?"

"அது எம்மேல பாயவே இல்ல, கண்ணு. குட்டைல தண்ணி குடிச்சுட்டு இருந்துச்சு."